மிகுபுனைவில் மூச்சு: எண்ணி விற்கும் பொருளா, திருப்பித் தரும் கடனா?

காகிதக்கப்பல் (மாட்டுங்கா) எழுதியது:

நம் வாசிப்பு வட்டத்தில் அடுத்து எதை வாசிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது பிராண்டன் சாண்டர்சனின் ‘வார்பிரேக்கர்’ (2009) நாவலை முன்மொழிந்தேன். ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முடிவு உட்பட கதையைச் சொல்லப்போகிறேன். படித்துவிட்டு வருகிறோம் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மூச்சை உயிராகக் காட்டுவது ஃபேன்டஸி எனும் மிகுபுனைவுக்குப் புதிதல்ல. சி. எஸ். லூயிஸின் நார்னியாக் கதைகளில் முதலாவதில் (1950) சூனியக்காரியின் அரண்மனை முற்றம் முழுக்கக் கல்லாய்ச் சமைந்த உயிர்கள் நிற்கின்றன. அஸ்லான் என்னும் சிங்கம் ஒரு கற்சிங்கத்தின் மேல் ஊதுகிறது. முதலில் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. பிறகு அந்த வெண்பளிங்கு முதுகில் மெல்லிய பொன்னிறக் கீற்று ஒன்று ஓடி, உடலெங்கும் பரவி, பின்னங்கால்கள் இன்னும் கல்லாகவே இருக்கும்போது பிடரி சிலிர்த்து ரோமமாகிறது. அடுத்து அந்தச் சிங்கம் வாயைத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விடுகிறது. டோல்கீன் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் இருளரசனின் ஊழியர்களான நாஸ்கூல்களின் கரிய மூச்சு பட்டவர்கள் குளிர்ந்து, பேச்சடங்கி, கனவுக்குள் மூழ்கிச் சாகிறார்கள். அவர்களை மீட்க வரும் அரகார்ன் அதெலாஸ் என்னும் மூலிகையின் இலைகளைக் கசக்கும் முன் அவற்றின் மேல் தன் மூச்சை ஊதுகிறான். ரௌலிங்கின் ஹாரி பாட்டர் கதைகளில் டிமென்டர்கள் என்னும் கொடிய உருவங்கள் வாய்வழியே ஆன்மாவை உறிஞ்சுகின்றன.

இவை எல்லாவற்றிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கொடுப்பவருக்கு எதுவும் குறைவதில்லை. அஸ்லான் எத்தனை சிலைகளை எழுப்பினாலும் அதன் மூச்சு தீர்ந்துபோகாது. சாண்டர்சனின் உலகிலோ பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மூச்சு. அதைப் பிடுங்க முடியாது. உரியவர் தம் வாயால் சொல்லித் தந்தால்தான் கைமாறும். தந்தவர் சாவதில்லை. ஆனால் அவருக்கு நிறங்கள் மங்கிவிடுகின்றன, நோய் எளிதில் தொற்றுகிறது, மனம் சோர்கிறது. அவரை ‘டிராப்’ என்று அழைக்கிறார்கள். இறந்து மீண்டு தெய்வமாக வணங்கப்படுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் உயிர் தரித்திருக்க வாரம் ஒரு மூச்சு வேண்டும். அப்படியொரு தெய்வமான லைட்சாங்கின் முன் ஒரு சிறுமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்கிறாள். அவளுடைய முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோகிறது. தன்னைத் தெய்வமென்றே நம்பாத லைட்சாங் அதை உண்டுவிட்டு அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கிறான்.

மூச்சு குறியீடாக வலுப்பெறுவது தருகிறவருக்கு அது குறையும்போதுதான் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

செம்பூர் சேது எழுதியது:

தம்பி, தொடக்கம் நன்று. ஆனால் மூச்சை எண்ணுவது சாண்டர்சனிடம்தான் தொடங்கியது என்பதுபோல் ஒரு தொனி வருகிறது. அதை ஏற்க முடியாது. நம் சித்தர் மரபில் மூச்சுக்குக் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது அந்தக் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்து ஓடுகளின் எண்ணிக்கைக்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். வெளியே போவது 12 அங்குலம், உள்ளே திரும்புவது 8 அங்குலம், நட்டம் 4 அங்குலம் என்றும் சொல்வதுண்டு. ஆயுளை ஆண்டுகளால் அல்லாமல் மூச்சால் அளக்கும் பார்வை இது. காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிந்தவன் கூற்றை உதைப்பான் என்கிறார் திருமூலர். ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: சித்தனின் கணக்கில் வரவும் செலவும் ஒரே உடலுக்குள்தான். மிச்சம் பிடித்ததை அவன் இன்னொருவனுக்கு விற்க முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த நாவலில் ஹலண்ட்ரன் நாட்டின் அரசனாக வரும் தேவராசன் சூசெப்ரான். பல்லாயிரம் பேரின் மூச்சு அவன் ஒருவனுடைய உடலில் இருக்கிறது. ‘நெல்லும் உயிர்அன்றே நீரும் உயிர்அன்றே, மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்’ என்று மோசிகீரனார் புறநானூற்றின் 186ஆம் பாட்டில் பாடினார். அங்கே மன்னன் உயிர், உலகம் உடல். கம்பர் இதைத் திருப்பிப் போட்டார். தசரதன் எல்லா உயிர்களையும் தன் உயிர்போல் ஓம்பியதால் ‘உயிர் எலாம் உறைவது ஓர் உடம்பும் ஆயினான்’ என்கிறார். இப்போது மக்கள் உயிர், மன்னன் வெறும் உடல். சாண்டர்சன் கம்பரைப் படித்திருக்க வழியில்லை. ஆயினும் கம்பர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நடக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹலண்ட்ரன் அரண்மனை ஒரு விடை. மக்களின் உயிர் எல்லாம் ஓர் உடம்பில் உறைகிறது. மக்களோ நிறமிழந்து தெருவில் நடக்கிறார்கள். கம்பரின் வரியில் ‘ஓம்பலால்’ என்ற சொல் தாங்குகிற பாரம் அப்போதுதான் புலப்படுகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. சாவித்திரி கதையில் யமன் கட்டைவிரல் அளவு புருஷனைக் கயிற்றால் இழுத்தெடுத்த பிறகு சத்தியவானின் உடல் மூச்சு நீங்கி, ஒளி கெட்டு, பார்க்கச் சகியாமல் கிடந்தது என்கிறது வியாச பாரதம். மூச்சும் ஒளியும் அங்கே சேர்ந்தே போகின்றன. நீங்கள் சொன்ன கற்சிங்கத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

அரைத்தூக்கம் (தாணே) எழுதியது:

நான் அதிகம் வாசிப்பது மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகள். ‘டீமன் ஸ்லேயர்’ கதையில் நீர் மூச்சு, இடி மூச்சு என்று மூச்சு முழுவதும் பயிற்சியாகவே வருகிறது. யாரும் யாருக்கும் உயிரைத் தருவதில்லை. அரக்கனை எதிர்க்கும் மனிதனுக்கு நுரையீரலே ஆயுதம். சேது ஐயா சொன்ன சித்தர் கணக்குக்கு அதுதான் பக்கம் என்று தோன்றுகிறது.

கொடுப்பவருக்குக் குறைவது பற்றிக் கேட்டால், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் மார்ட்டினின் பெரிக் டோண்டாரியனை விட்டுவிட்டீர்களே! தோரோஸ் என்ற பூசாரி அவன் வாயில் நெருப்பு மூச்சை ஊதித் திரும்பத் திரும்ப எழுப்புகிறான். எழும் ஒவ்வொரு முறையும் பெரிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மறந்துகொண்டே வருகிறான். கடைசியில் அந்த உயிரை ஒரு தாயின் சடலத்துக்குள் செலுத்திவிட்டு அவன் சாகிறான். எழுந்தவள் பழைய தாயாக எழவில்லை, பழி தீர்ப்பவளாகவே எழுந்தாள். அண்ணா, இங்கே வாங்குகிறவருக்கும் அல்லவா குறைகிறது?

வளிமகள் (முலுண்டு) எழுதியது:

நான் பல ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அதனால் இந்த இழையைச் சற்று வேறு விதமாகப் படித்தேன். குறுக்கே பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

சாந்தோக்கிய, பிருகதாரண்யக உபநிடதங்களில் வரும் ஒரு கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புலன்களுக்குள் யார் பெரியவர் என்று வழக்கு வருகிறது. வாக்கு ஓராண்டு வெளியே போய்வருகிறது. மனிதன் ஊமையாய் வாழ்கிறான். கண் போகிறது, குருடனாய் வாழ்கிறான். மனம் போகிறது, குழந்தைபோல் வாழ்கிறான். பிராணன் கிளம்பப் பார்த்ததும், நல்ல குதிரை தன்னைக் கட்டிய முளைகளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புவதுபோல் மற்ற எல்லாம் வேரோடு ஆடிப்போகின்றன. வழக்கு முடிந்தது. நீங்கள் பேசும் நாவல்கள் அனைத்தும் இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்டவையே.

எங்கள் வார்டில் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகாத நேரங்கள் உண்டு. மூளைத்தண்டு செத்த பிறகும் வென்டிலேட்டர் மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்பு சூடாக இருக்கும். பார்க்க வரும் உறவினர் ‘மூச்சு இருக்கிறதே’ என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைத்தண்டு இறப்பை உறுதி செய்ய வேண்டும். அந்தச் சோதனைகளில் ஒன்று மூச்சைப் பற்றியது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்வழியே ஆக்சிஜனை மட்டும் மெல்ல விட்டபடி, சட்டையை விலக்கி மார்பையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்போம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளைத்தண்டில் ஏதேனும் மிச்சம் இருந்தால் அந்த ஏற்றமே உடம்பை ஒரு மூச்சு இழுக்க வைத்துவிடும். எட்டுப் பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். மார்பு அசையாது. பிறகு இரத்த மாதிரி எடுத்து அனுப்புவோம்.

ஆகவே என் கேள்வி இது. இயந்திரம் தருவதும் மூச்சு, தானே இழுப்பதும் மூச்சு என்ற வேறுபாடு எந்த ஃபேன்டஸியிலாவது இருக்கிறதா? காகிதக்கப்பல் சொன்ன நாவலில் ‘லைஃப்லெஸ்’ என்றொரு கூட்டம் வருகிறது. சடலத்துக்குள் ஒரு மூச்சைச் செலுத்திக் கட்டளையிட்டால் அது எழுந்து நடக்கும், சண்டையிடும். அந்த மூச்சைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எனக்கு அந்த நாவலிலேயே மிக நெருக்கமாகப் பட்ட பகுதி அதுதான். மூச்சு உள்ளே இருக்கிறது, ஆள் இல்லை. டிராப்புகளின் நிலை நேர் எதிர். மூச்சு போய்விட்டது, ஆள் இருக்கிறார், நினைவு இருக்கிறது, பேசுகிறார். அப்படியானால் சாண்டர்சன் மூச்சை உயிர் என்றே சொல்லவில்லை. உயிரோடு இருப்பதன் பளபளப்பைத்தான் அவர் மூச்சு என்கிறார். பெரிக்கின் மூச்சு ஆளையும் சேர்த்துக் கரைக்கிறது. இரண்டையும் ஒரே குறியீடாக வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தறிநாடா (தாராவி) எழுதியது:

வளிமகள் அக்கா குறிப்பிட்ட அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. உறுப்பை விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் அதே சட்டம்தான் குற்றமாக்கியது. அதற்கு முன் இந்த நாட்டில் யாருடைய சிறுநீரகம் யாருக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘வார்பிரேக்கர்’ நாவலை நான் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். அதன் தெய்வங்களைவிட அதன் விலைப்பட்டியலே எனக்கு முக்கியமாகப் பட்டது.

தானாக முன்வந்து தந்தால்தான் கைமாறும் என்ற விதியைக் காகிதக்கப்பல் ஓர் அறமாகப் பார்க்கிறார். எனக்கு அது வியாபாரிக்கு வசதியான விதியாகத் தெரிகிறது. பசியோடு இருப்பவன் ‘என் உயிர் உனக்கு’ என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டால் வாங்கியவனுக்குப் பழி இல்லை. ஐம்பது மூச்சு சேர்ந்தால் முதல் படி உயர்வு. அதற்கு மேலும் படிகள் இருக்கின்றன; ஒவ்வொரு படியிலும் காது கூர்மையாகிறது, நிறங்களின் நுட்பம் பிடிபடுகிறது. பணக்காரனுக்கு இசையும் வண்ணமும் இன்னும் நன்றாக ரசிக்கக் கிடைப்பதற்காக ஏழைக்கு அவை மங்கிப்போகின்றன. இதைவிட நேராக ஓர் எழுத்தாளர் சொல்ல முடியாது.

அதே சமயம், ஆசிரியர் இதை வெறும் கண்ணீர்க் கதையாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சை இழந்த ஜூவல்ஸ் என்ற பாத்திரம் அதற்காக வெட்கப்படுவதில்லை. மூச்சை வாங்குவதே பாவம் என்று வளர்க்கப்பட்ட இத்ரிஸ் நாட்டு இளவரசி விவென்னா காட்டும் இரக்கம் அவளுக்கு எரிச்சலைத்தான் தருகிறது. அந்த விவென்னாவின் நிலையைப் பாருங்கள். சாகக் கிடக்கும் ஒற்றன் ஒருவன் அவள் கையைப் பற்றித் தன்னிடமிருந்த நூற்றுக்கணக்கான மூச்சுகளை அவளுக்குள் ஏற்றிவிடுகிறான். அவள் கேட்கவில்லை, மறுக்கவும் நேரமில்லை. தருகிறவனின் சம்மதம் வேண்டும் என்ற விதி, பெறுகிறவளின் சம்மதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாத செல்வம் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவளைச் சுற்றிலும் நிறங்கள் பளிச்சென்று எரிகின்றன. அருவருப்போடு அதை ரசிக்கவும் செய்கிறாள். அரைத்தூக்கம் கேட்ட கேள்விக்கு, வாங்குகிறவருக்கு என்ன ஆகிறது என்பதற்கு, இதுவே சரியான இடம்.

செம்பூர் சேது எழுதியது:

தறிநாடா சொன்னதில் ‘தன் வாயாலேயே’ என்பதைச் சற்று விரிக்க விரும்புகிறேன். அந்த நாவலில் மூச்சு எவ்வளவு இருந்தாலும் கட்டளையை வாயால் சொல்லாமல் எதுவும் நடக்காது. அதனால்தான் பல்லாயிரம் மூச்சை வைத்திருக்கும் தேவராசனின் நாக்கைப் பூசாரிகள் அறுத்துவிட்டிருக்கிறார்கள். கருவூலம் முழுவதும் அவனுக்குள்; சாவி அவர்களிடம்.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியப் பிறப்பியல்தான் நினைவில் வந்தது. ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொடங்கி, அந்தக் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்படப் பல்வேறு எழுத்துகளாகிறது என்கிறது நூற்பா. கொப்பூழிலிருந்து கிளம்பும் வெறும் காற்று இத்தனை இடங்களைத் தொட்ட பிறகுதான் சொல்லாகிறது. நாவை எடுத்துவிட்டால் மூச்சு மூச்சாகவே நின்றுவிடும். மந்திரம் வரும் கதைகளில் எல்லாம் இந்த உடற்கூறு ஒளிந்திருக்கிறது. நார்னியா உருவான கதையைச் சொல்லும் நூலில் (1955) அஸ்லான் தேர்ந்தெடுத்த விலங்குகளின் மேல் மூச்சை விடுகிறது; அவை ஏற்கெனவே உயிருள்ளவைதாம், அந்த மூச்சு அவற்றுக்குத் தருவது பேச்சை. ஆக, மூச்சு என்றால் உயிர் என்ற சமன்பாட்டை வளிமகள் ஒரு பக்கம் உடைத்தார். நான் இன்னொரு பக்கம் உடைக்கிறேன். ஃபேன்டஸியில் பல நேரம் மூச்சு உயிரைவிட மொழிக்கே நெருக்கமானது.

காகிதக்கப்பல் எழுதியது:

இரண்டு உடைப்புகளையும் ஏற்கிறேன். ஆனாலும் என் கட்சியை விடவில்லை. அதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகிறேன்.

அர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ வரிசையில் ‘த ஃபார்தஸ்ட் ஷோர்’ (1972) இறந்தவர்களின் நாட்டைக் காட்டுகிறது. குட்டையான ஒரு கற்சுவர், அதற்கு அப்பால் வறண்ட நிலம், நகராத விண்மீன்கள். அங்கே காதலுக்காக உயிர் விட்டவர்கள்கூடத் தெருவில் ஒருவரையொருவர் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். அங்கே காற்று வீசுவதில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து ‘த அதர் விண்ட்’ (2001) நூலில் லெ குவின் அந்த இடத்துக்குத் திரும்பி, அந்தச் சுவரையே இடித்துவிடுகிறார். டெஹானு என்ற பெண் சாவைப் பற்றித் தன் எண்ணத்தைச் சொல்கிறாள்: தன்னை வாழவைத்த மூச்சை, சாகும்போது திரும்ப ஊதிவிடலாம் என்று நினைக்கிறாள். சுவர் இடிந்ததும் இறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளிச்சத்துக்குள் நடந்து கரைகிறார்கள். இங்கே மூச்சு யாருடைய சொத்தும் இல்லை.

மும்பையில் இருக்கும் நமக்கு இது விளங்காமல் போகக் கூடாது. சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாரின் நெஞ்சில் கைவைத்துப் பிராணப் பிரதிஷ்டை மந்திரம் சொன்ன பிறகுதான் அந்தப் பொம்மை தெய்வமாகிறது. அதுவரை பரேலிலும் லால்பாகிலும் பட்டறையில் வரிசையாக நிற்பவற்றை யாரும் கும்பிடுவதில்லை. கரைக்கக் கொண்டுபோகும் முன் நம் வீடுகளில் யதாஸ்தானம் என்று சொல்லி மூர்த்தியை வடக்கே ஓர் அங்குலம் நகர்த்துகிறோம். பக்கத்து மராட்டிய வீட்டில் உத்தரபூஜை என்னும் நிறைவுப் பூஜை முடித்து, மூர்த்தியின் உள்ளங்கையில் தயிர் வைத்து, அவர்களும் சற்று நகர்த்துகிறார்கள். அந்த ஓர் அங்குலத்தோடு உயிர் விடைபெற்றுவிட்டது. பிறகு கடலுக்குப் போவது மண். வரவழைத்ததைத் திருப்பி அனுப்பும் சடங்கு அதே அளவு கவனத்தோடு நடக்கிறது. சாண்டர்சனின் உலகில் வரவழைக்கும் மந்திரம் இருக்கிறது; பொருளுக்குள் ஏற்றிய மூச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டளைகூட இருக்கிறது. ஆனால் அது எடுத்தவனிடமே திரும்புகிறது. அதை மொத்தமாக விட்டுவிடுகிறவன் லைட்சாங். கடைசியில் அவன் தன் தெய்வ மூச்சைச் சூசெப்ரானுக்குத் தந்துவிட்டுச் சாகிறான்; அறுபட்ட நாக்கு மீள்கிறது. அந்தக் காட்சிக்காகத்தான் அந்த நாவலை முன்மொழிந்தேன்.

வளிமகள் எழுதியது:

லைட்சாங் விஷயத்தில் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அவன் சாகும் முடிவை எடுப்பது யாரோ கெஞ்சியதால் அல்ல. முந்தைய பிறவியில் தான் எதற்காகச் செத்தோம் என்பது தெரிந்த பிறகு எடுக்கிறான். உறுப்பு தானத்துக்கு ஒப்புதல் தரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கெஞ்சி வாங்கிய ஒப்புதலும் தாமாகச் சொன்ன ஒப்புதலும் படிவத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேறுபாடு தெரியும்.

தறிநாடா எழுதியது:

காகிதக்கப்பல் எர்த்சீயைத் திருப்பித் தரும் உலகமாகவும் ஹலண்ட்ரனை விற்கும் உலகமாகவும் எதிரெதிரே நிறுத்துகிறார். ‘த அதர் விண்ட்’ நூலை மறுபடி பாருங்கள். அந்த வறண்ட நிலம் எப்படி வந்தது? சாகாமல் இருக்க ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள், டிராகன்களுக்கு உரிய மேற்குப் பெருவெளியில் ஒரு பகுதியைத் திருடிச் சுவர் கட்டினார்கள். கட்டியதும் காற்று நின்றுபோனது. அதுவும் பதுக்கல்தான்; எத்தனையோ தலைமுறையாக இறந்தவர்கள் அதற்குள் அடைபட்டிருந்தார்கள்.

என் மனத்தாங்கல் இவ்வளவே. எர்த்சீயில் சுவரை இடிக்கும்போது அதைக் கட்டியவர்களின் வழிவந்த மந்திரவாதிகளும் வந்து கல்லைத் தூக்குகிறார்கள், இறந்தவர்கள் எல்லோரும் விடுபடுகிறார்கள். ஹலண்ட்ரனில் லைட்சாங் செத்து, அரசனுக்கு நாக்கு வந்து, போர் தவிர்க்கப்பட்டு, கதை முடிந்த பிறகும் அந்தப் பல்லாயிரம் மூச்சு அரசனின் உடம்பில்தான் இருக்கிறது. முதல் பதிவில் வந்த அந்தச் சிறுமிக்கு நிறம் திரும்பவில்லை. லைட்சாங்கின் தியாகத்தைப் பற்றி எத்தனை பேசினாலும், கூட்டத்தில் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன்.

காகிதக்கப்பல் எழுதியது:

கேளுங்கள். இரண்டு நூல்களையும் சேர்த்தே வாசிப்போம். முதலில் ‘வார்பிரேக்கர்’, அடுத்து ‘த அதர் விண்ட்’. சேது ஐயா புறநானூற்றுப் பாட்டையும் கம்பர் பாட்டையும் முழுமையாகத் தட்டச்சு செய்து இங்கே போட்டால், தேவராசனைப் பற்றிய பகுதிக்கு வரும்போது பக்கத்தில் வைத்துப் படிக்க வசதியாக இருக்கும்.